கூடுதலாக வந்த பை யாருடையது?

வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றில் இருக்கும் ஒரு குடும்பம் மாதச் சாமானுக்குக் கடையில் ஓடர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டியலில் ஐந்து கிலோ கீரிச் சம்பா, ஒரு பை. சாமானை இறக்கிவைத்த தம்பி மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்புறம் பார்த்தால் அரிசி இரண்டு பை இருக்கிறது. பில்லில் ஒன்றுக்குத்தான் காசு. வீட்டில் பேச்சு தொடங்குகிறது. "கடைக்குச் சொல்லுவம்" என்கிறார் ஒருவர். "அவங்கள் எங்களிட்ட எத்தனை தரம் கூட எடுத்திருப்பாங்கள், விடுங்கோ" என்கிறார் இன்னொருவர். லண்டனில் இருக்கும் சித்தி வாட்ஸ்அப்பில் வந்து, "இங்க அப்பிடி வந்தா எங்களுக்குத்தான், சட்டமே அப்பிடித்தான்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது கொழும்பில் வீட்டுக்கே சாமான் கொண்டுவந்து கொடுக்கும் பழக்கம் திடீரென்று வளர்ந்தது. ஊரடங்கு போனது, பழக்கம் போகவில்லை. காலி வீதியில் நின்று பார்த்தால் முதுகில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓடும் மோட்டார் சைக்கிள்கள் எந்த நேரமும் தெரியும். கடைக்கு நேரே போய் வாங்கும் காலத்தில், முதலாளி கண்முன்னே எண்ணிக் கொடுப்பார், நாமும் கண்முன்னே எண்ணி எடுப்போம். பிழை நேர்ந்தால் அந்த இடத்திலேயே தீர்ந்துவிடும். இப்போது எடுத்து வைப்பவர் ஒருவர், கட்டுபவர் ஒருவர், கொண்டுவருபவர் இன்னொருவர். பிழை தெரியவரும்போது அவர்களில் ஒருவரும் நம் முன்னால் இல்லை. அதனால்தான் இந்தக் கேள்வி முன்பைவிட அடிக்கடி எழுகிறது.

கடைக்குச் சொல்ல வேண்டும் என்பதுதான் என் எண்ணம். ஆனால் சொல்வதோடு வாங்கியவரின் கடமை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஓட்டோ பிடித்துத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பது நம் வேலை இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காததால்தான் பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். சொன்னால் அலைச்சல் நம் தலையில் விழும் என்ற பயம் அது. நம் நாட்டுச் சட்டமும் ஏறக்குறைய இதே இடத்தில்தான் நிற்கிறது.

இலங்கையில் பொருள் விற்பனையை ஆள்வது 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். பிரித்தானியாவில் 1893இல் வந்த சட்டத்தை அடியொற்றி எழுதப்பட்டது. கப்பலும் மாட்டு வண்டியும் சாமான் கொண்டுவந்த காலத்துச் சட்டம்தான், ஆனால் பேசியதைவிடக் கூடுதலாகச் சாமான் வந்தால் என்ன செய்வது என்பதை அது நேரடியாகவே சொல்கிறது. வாங்குபவர் பேசிய அளவை எடுத்துக்கொண்டு மிச்சத்தை மறுக்கலாம். வேண்டுமானால் முழுவதையுமே மறுக்கலாம். வந்தது எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளவும் செய்யலாம், ஆனால் அப்படி எடுத்தால் கூடுதலாக வந்ததற்கும் பேசிய விலைப்படி காசு கொடுக்க வேண்டும். ஒன்றுக்குக் காசு கொடுத்து இரண்டை வைத்துக்கொள்ள அந்தச் சட்டம் வழி வைக்கவில்லை. கேட்காத வேறு பொருள் ஒன்று கலந்து வந்தாலும் இதே மாதிரித்தான். கேட்டதை எடுத்துக்கொண்டு மற்றதை மறுக்கலாம்.

அதே சட்டம் வாங்குபவரின் தோளிலிருந்து ஒரு பாரத்தையும் இறக்கிவைக்கிறது. மறுக்க உரிமை உள்ள பொருளை மறுத்தால், அதைத் திருப்பி அனுப்பிவைக்க அவர் கட்டுப்பட்டவர் அல்ல. "இதை ஏற்கவில்லை" என்று விற்றவருக்கு அறிவித்தால் போதும். வந்து எடுத்துப் போக வேண்டியது விற்றவர். அதுவரை நாம் அதைப் பழுதாகாமல் ஒரு மூலையில் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

ஆனால் எதுவும் சொல்லாமல் நியாயமான காலம் கடந்தும் பொருளை வைத்திருந்தால், அல்லது அது தன்னுடையது என்பதுபோல் நடந்துகொண்டால், ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கருதும். இரண்டாவது பையை வெட்டி உலையில் போட்ட பிறகு "நான் ஏற்கவில்லை" என்று சொல்ல முடியாது. ஏற்றுக்கொண்டால் விலை கொடுக்க வேண்டும். நியாயமான காலம் என்றால் எத்தனை நாள் என்று சட்டம் எண் போட்டுச் சொல்லவில்லை. பொருளையும் நிலைமையையும் பொறுத்தது அது. மீனுக்கு ஒரு கணக்கு, மின்விசிறிக்கு இன்னொரு கணக்கு.

இந்தக் கட்டளைச் சட்டத்துக்குக் கீழே இன்னும் பழைய அடித்தளம் ஒன்று இருக்கிறது. ஒல்லாந்தர் 1656இல் கொழும்பைப் பிடித்து 1796 வரை வைத்திருந்தார்கள். அவர்களோடு வந்த உரோமன்-டச்சுச் சட்டம் ஆங்கிலேயர் காலத்திலும் நிலைத்து இன்றும் இந்த நாட்டின் பொதுச் சட்டமாக இருக்கிறது. கொழும்பில் புதுக்கடை என்ற இடத்தில் உள்ள நீதிமன்றங்களில் இன்றைக்கும் அதை வைத்து வாதாடுகிறார்கள். தகுந்த காரணம் இல்லாமல் ஒருவர் இன்னொருவரின் நட்டத்தில் இலாபம் அடையக் கூடாது என்பது அதன் கொள்கைகளில் ஒன்று. கொடுக்கவேண்டிய கடன் இல்லாமலே தவறுதலாகக் கொடுத்ததைத் திரும்பக் கேட்கும் உரிமை அதிலிருந்து வருகிறது. வங்கிக் கணக்கு இலக்கத்தில் ஓர் எண் பிசகி யாரோ ஒருவரின் காசு நம் கணக்கில் விழுந்தால் அதை ஏன் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதற்கும் இதுவே அடிப்படை. அரிசிப் பைக்கும் காசுக்கும் இங்கே பெரிய வேறுபாடு இல்லை.

இனி லண்டன் சித்தியின் பேச்சுக்கு வரலாம். அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் அது இவ்வளவு எளிதாகப் பரவுகிறது. அறுபதுகளில் மேற்கு நாடுகளில் ஒரு வியாபாரத் தந்திரம் நடந்தது. யாரும் கேட்காமலே புத்தகத்தையோ வேறு பொருளையோ தபாலில் அனுப்பிவிடுவார்கள். கொஞ்ச நாளில் பில் வரும், பிறகு மிரட்டல் கடிதம் வரும். பயந்தவர்கள் காசைக் கட்டுவார்கள். இதை நிறுத்தத்தான் அமெரிக்கா 1970இல் தன் தபால் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தது. கேட்காமல் அனுப்பிய பொருளைப் பெற்றவர் அன்பளிப்பாகவே வைத்துக்கொள்ளலாம் என்று அது சொன்னது. பிரித்தானியாவில் 1971இல் அதே நோக்கத்தோடு ஒரு சட்டம் வந்தது. இன்று அங்கே அந்தப் பாதுகாப்பு 2013ஆம் ஆண்டு நுகர்வோர் ஒழுங்குவிதிகளில் இருக்கிறது.

அந்தச் சட்டங்கள் குறிவைத்தது தந்திரத்தை. நீங்கள் ஓடர் கொடுத்த கடை எண்ணிக்கையில் தவறிவிடுவது தந்திரம் ஆகாது. பிரித்தானியாவிலேயே அதற்குத் தனி விதி உண்டு. 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவைப் பார்த்தால், நம் 1896ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கும் அதே விஷயம்தான் இருக்கும்: கூடுதலை மறுக்கலாம், ஏற்றால் அதே விலையில் காசு கொடுக்க வேண்டும். ஆக சித்தி இருக்கும் ஊரிலும் இரண்டாவது அரிசிப் பை சித்திக்குச் சொந்தமாகாது.

குற்றவியல் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும், பயமுறுத்துவதற்காக இல்லை. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 386ஆம் பிரிவு, பிறருடைய அசையும் ஆதனத்தை நேர்மையற்ற எண்ணத்தோடு தனதாக்கிக்கொள்வதைக் குற்றமாக்குகிறது. இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும். தெருவில் கிடந்ததை எடுத்தவருக்கும் அந்தச் சட்டம் ஒரு வரம்பு வைக்கிறது. உரியவர் யார் என்று தெரியாமல் எடுத்துவைத்தால் குற்றம் இல்லை. உரியவரைத் தெரிந்தும், அல்லது தேடிக் கண்டுபிடிக்க வழி இருந்தும், தனதாக்கிக்கொண்டால் குற்றம். கடையிலிருந்து வந்த பையில் உரியவர் யார் என்ற சந்தேகமே கிடையாது. பில்லிலேயே பெயரும் தொலைபேசி இலக்கமும் இருக்கின்றன. ஒரு அரிசிப் பைக்காக எந்தக் கடையும் பொலிசுக்குப் போகாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் தவறுதலாக வந்தது விலை கூடிய கைபேசி என்றால் நிலைமை அப்படி இருக்காது. கவனிக்காமல் விட்டதும் மறந்துபோனதும் இந்தப் பிரிவுக்குள் வராது. கெட்ட எண்ணம் இருக்க வேண்டும். கடையிலிருந்து கோல் வந்து, "இல்லை, ஒன்றுதான் வந்தது" என்று சொல்லும்போது அந்த எண்ணம் வெளிச்சத்துக்கு வந்துவிடுகிறது.

சட்டத்தை இதோடு விடலாம். பெரும்பாலானவர்கள் பேசாமல் இருப்பது சட்டம் தெரியாததால் இல்லை. கூடுதலாக வந்தது எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ‘கடை’ என்ற பெரிய, முகமில்லாத ஒன்று கை தவறிச் சிந்தியது என்று நினைக்கிறார்கள். உள்ளே நடப்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும்.

பிழை பல விதமாக நடக்கிறது. அலகுக் குழப்பம் அடிக்கடி நடப்பது. ஓடர் தாளில் ‘1’ என்று இருக்கும். அது ஒரு சவர்க்காரமா, பன்னிரண்டு கொண்ட ஒரு பெட்டியா? களஞ்சியத்தில் பெட்டியாக எண்ணுகிறார்கள், கடைத் தட்டில் ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள். புதிதாக வேலைக்கு வந்தவர் இங்கேதான் சறுக்குவார். இன்னொன்று, வங்கி அட்டையில் (காட்) காசு கட்டும்போது திரை அப்படியே நின்றுவிடுவது. போகவில்லை போல என்று மறுபடி அழுத்துவோம், இரண்டு ஓடர் பதிவாகிவிடும். இந்த இடத்தில் முதலில் வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியைப் பாருங்கள். இரண்டு தரம் காசு போயிருந்தால், ‘இலவசமாக’ வந்தது என்று சந்தோஷப்பட்ட பைக்கு நீங்களே காசு கட்டியிருக்கிறீர்கள். சில வேளை கூடுதலாக வந்தது கடையின் சலுகைப் பொருளாகவும் இருக்கலாம், பில்லில் தெளிவாக அச்சாகியிருக்காது. ஆகவே கேட்டுப் பார்ப்பதில் உங்களுக்கும் நன்மை உண்டு.

பொதி காணாமல் போய்விட்டது என்று நாம் முறைப்பாடு செய்து, கடை இரண்டாவதாக ஒன்றை அனுப்பிய பிறகு முதல் பொதி ஆடி அசைந்து வந்து சேர்வதும் உண்டு. இதைப் பலர் பிழையாகவே எண்ணுவதில்லை. ஆனால் நம் வார்த்தையை நம்பித்தான் கடை இரண்டாவதை அனுப்பியது. அந்த நம்பிக்கைக்கு நாம் கொடுக்க வேண்டிய பதில் ஒரு கோல்தான்.

எனக்கு மிகவும் கவலை தருவது பொதிகள் மாறிப்போவது. இரண்டு வீட்டுச் சாமான் ஒரே மேசையில் அருகருகே கட்டப்படுகிறது. உங்கள் பையில் வந்த கூடுதல் பால்மா கொட்டாஞ்சேனையில் இன்னொரு வீட்டுக்குப் போயிருக்க வேண்டியது. அங்கே ஒரு தாய், பால்மா வரவில்லை என்று கடையோடு வாதாடிக்கொண்டிருப்பார். கடை அவரை நம்பலாம், நம்பாமலும் விடலாம். உங்கள் ஒரு வார்த்தை வந்தால் அந்த வாதம் அங்கேயே முடிந்துவிடும். வராவிட்டால் உண்மை சொன்ன அந்தத் தாய் பொய்க்காரி ஆகிவிடுவார்.

சரி, யாரும் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். மாத முடிவில் கடையில் இருப்பைச் சரிபார்ப்பார்கள். ஒரு பை ஷோர்ட். யார் எடுத்தது என்ற கேள்வி மேலேயிருந்து கீழே இறங்கும். இறங்கி வந்து நிற்கும் இடம் எடுத்து வைத்த பொடியன், அல்லது கொண்டுவந்த பொடியன். புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் கடைகளில் வேலை செய்கிறவர்களில் எத்தனையோ பேர் ஹட்டன், நுவரெலியா, பதுளைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். கடையின் மேல்மாடியிலோ பின்பக்க அறையிலோ படுத்தெழும்பி, மிச்சம் பிடித்து ஊருக்குக் காசு அனுப்புகிறவர்கள். இவர்களில் பலருக்கு நியமனக் கடிதம் இல்லை, கேட்டுப் பேச ஒரு சங்கமும் இல்லை. ஷோர்ட் வந்தால் சம்பளத்தில் பிடிக்கிற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் சம்பளத்திலிருந்து எதைக் கழிக்கலாம் என்பதற்கு வரம்பு வைத்திருக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தொழில் திணைக்களத்துக்குப் போகும் பொடியனுக்கு மறுநாள் வேலை இருக்குமா என்பதுதான் அவனுடைய கேள்வி.

கணக்கைப் பாருங்கள். நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாக்கப்பட்டது, 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபா. மாதத்தில் 26 நாள் வேலை என்றால் நாளுக்கு 1,150 ரூபாவுக்குச் சற்று மேல். அரிசிப் பை 1,300 ரூபா என்று எடுத்துக்கொண்டால், நாம் பேசாமல் உள்ளே வைத்த அந்த ஒரு பை ஒரு மனிதனின் முழு நாள் உழைப்பைவிடக் கூட. காசோடு முடிந்தாலும் பரவாயில்லை. "எடுத்திட்டானோ" என்ற சந்தேகம் ஒருமுறை ஒட்டிவிட்டால் அது போவதில்லை. அடுத்த தரம் வேறு எது காணாமல் போனாலும் முதலில் அவன் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

முதலாளியின் நட்டத்தையும் இலேசாகத் தள்ளிவிட முடியாது. சில்லறைக் கடையில் அரிசி, பருப்பு, சீனியில் மிஞ்சுவது கொஞ்சம்தான். ஆயிரம் ரூபாப் பொருளில் ஐம்பது ரூபா மிஞ்சுகிறது என்று வைத்தால், கடைக்காரர் போட்ட காசு 950 ரூபா. ஒன்று சும்மா போனால் அந்தக் காசை மீட்க இன்னும் 19 விற்க வேண்டும். தெருமுனைக் கடையை நடத்துகிற அக்காவுக்கு 19 என்பது சில நாள் வியாபாரம். பெரிய சுப்பர்மார்க்கெட்டுக்கு இது ஒரு பொருட்டே இல்லை என்று சொல்வார்கள். நிறுவனத்துக்குப் பொருட்டில்லாமல் இருக்கலாம். ஆனால் அங்கேயும் இருப்புப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுகிற ஒருவர் இருக்கிறார்.

இனி, "அவங்கள் எங்களிட்ட எடுக்கேல்லையோ" என்ற பேச்சு. இதைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருவதில்லை, ஏனென்றால் அதற்குப் பின்னால் உண்மையான வலி இருக்கிறது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். உணவுப் பொருள்களில் மட்டும் 94.9 வீதம். ஒரு வருடத்தில் சாப்பாட்டுச் செலவு ஏறக்குறைய இரட்டிப்பு. பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றோம். பதுக்கி வைத்திருந்து விலை ஏறிய பிறகு வெளியே எடுத்தவர்களையும் பார்த்தோம். 2024 ஜனவரியில் பெறுமதிசேர் வரி 18 வீதமானது. இத்தனைக்கும் பிறகு ஒரு பை கூடுதலாக வந்தால், "எங்கட காசு கொஞ்சம் திரும்பி வந்திருக்கு" என்று ஒருவர் நினைப்பதை என்னால் விளங்கிக்கொள்ள முடிகிறது.

ஆனால் அந்தக் கணக்கு தவறான ஆளிடம் தீர்க்கப்படுகிறது. பதுக்கியவர் வேறு, வரி போட்டவர் வேறு, இன்றைக்கு உங்கள் பையைக் கட்டியவர் வேறு. கடை உங்களிடம் கூடுதல் விலை எடுத்தது என்றால், காலாவதியான பொருளைத் தந்தது என்றால், அதற்கு நேரான வழி இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இயங்குகிறது. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். பில்லோடு முறையிடுங்கள், விடாமல் முறையிடுங்கள். நம்மை ஏமாற்றிய கடையிடம் நாம் கேட்க வேண்டியது நியாயம். அதை வாய்திறந்து கேட்காமல், வந்ததை மறைத்து வைத்துச் சமன் செய்துகொண்டால், ஏமாற்றிய முதலாளிக்கு எந்தச் சேதியும் போய்ச் சேராது.

"பிழைக்கத் தெரியாதவன்" என்ற பட்டமும் ஒன்று இருக்கிறது. கூடுதல் பையைப் பற்றிக் கடைக்குச் சொல்கிறவருக்குச் சொந்த வீட்டிலேயே கிடைக்கும் பட்டம் அது. இதற்குப் பதிலைப் புறக்கோட்டையில் தேடலாம். அங்கே நான்காம், ஐந்தாம் குறுக்குத் தெருக்களில் மூட்டை மூட்டையாக நடக்கும் வியாபாரத்தில் பெரும்பகுதி கடனில் நடக்கிறது. பின்திகதியிட்ட காசோலை, ஒரு கொப்பி, ஒரு தொலைபேசிப் பேச்சு. மூட்டை சுமக்கும் நாட்டாமிகள் கைவண்டியில் தள்ளிக்கொண்டு வந்து லொறியில் ஏற்றிய பருப்பு மூட்டையில் ஒன்று கூடிப்போய்விட்டால், கொட்டாஞ்சேனைச் சில்லறை வியாபாரி அன்றைக்கே கோல் எடுத்துச் சொல்வார். சொல்லாவிட்டால் என்றைக்காவது தெரியவரும். தெரியவந்த நாளிலிருந்து அவருக்குக் கடன் கிடையாது. பிழைக்கத் தெரிந்தவர்கள் அங்கே செய்வது இதைத்தான். அங்கே கடை வைத்திருக்கும் முஸ்லிம் முதலாளிமார் இதை அமானிதம் என்பார்கள். நம் கையில் வந்து சேர்ந்த பிறருடைய பொருளை அவருக்காகக் காத்து வைத்திருப்பது. வழியில் கண்டெடுத்த பொருளைக்கூட ஒரு வருடம் அறிவித்துக்கொண்டிருக்கச் சொல்லும் மார்க்கம் அவர்களுடையது. உரியவர் யாரென்று தெரிந்த பொருளுக்கு அங்கே பேச்சே இல்லை.

கொடுப்பவர் தெரிந்தே கொடுப்பதை இதனோடு சேர்க்கக் கூடாது. மரக்கறிக்காரர் பையில் ஒரு பிடி கறிவேப்பிலையும் நாலு பச்சை மிளகாயும் சும்மா போடுகிறார். அது அவர் மனது. கூடுதல் பையைப் பற்றிக் கடைக்குச் சொன்ன பிறகு, "பரவாயில்லை அக்கா, வைச்சுக்கொள்ளுங்கோ" என்று பொறுப்பானவர் சொன்னாலும் அதுவும் அப்படித்தான். அந்த நொடியிலிருந்து அது அன்பளிப்பு, மனம் கோணாமல் வைத்துக்கொள்ளலாம். சொல்லாமல் வைத்துக்கொள்வதற்கும் இதற்கும் நடுவில் இருப்பது ஒரு கோல் மட்டுமே.

சமைத்த சாப்பாடு வேறு விதம். ஒரு கொத்து ரொட்டி கேட்டு இரண்டு வந்தால், அதைத் திரும்ப எடுத்து வேறு ஒருவருக்கு விற்க முடியாது, விற்கவும் கூடாது. கடைக்கோ செயலியின் உதவிப் பகுதிக்கோ சொல்லிவிட்டுச் சாப்பிடலாம். பதில் வரும்வரை காத்திருந்து சாப்பாட்டைப் பழுதாக்குவதில் யாருக்கும் பிரயோசனம் இல்லை. பொதியில் வேறு பெயர் இருந்தால் மட்டும் கொண்டுவந்தவரை உடனே கூப்பிடுங்கள். அவர் இன்னும் சந்தியைத் தாண்டியிருக்க மாட்டார், பசியோடு ஒருவர் அதற்காகக் காத்திருப்பார்.

மருந்தில் இந்தத் தாராளம் கிடையாது. பாமசியிலிருந்து கேட்காத மருந்து வந்தால், அல்லது கூடுதல் அட்டை வந்தால், உடனே அழைத்துச் சொல்ல வேண்டும். இரவு பத்து மணி என்றாலும் சொல்ல வேண்டும். உங்களுக்கு வந்த பிரஷர் மாத்திரை வேறு ஒருவருக்கு வராமல் போயிருக்கலாம். அதைவிட மோசமாக, உங்களுடைய மருந்து அவரிடம் போயிருக்கலாம். திரும்ப எடுக்க வரும்வரை வீட்டு மருந்துப் பெட்டியில் கலக்காமல் தனியாக வையுங்கள்.

சொல்வது எப்படி? பில்லில் இருக்கும் இலக்கத்துக்கு அழையுங்கள். அப்புறம் அதையே வாட்ஸ்அப்பிலோ குறுஞ்செய்தியிலோ எழுதியும் அனுப்புங்கள்: ஓடர் இலக்கம், வந்த பொருள், எத்தனை, எந்த நாள், ஒரு படம். "வீட்டில் இருக்கிறது, இந்த நேரத்தில் ஆள் இருப்போம், வந்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி. இதற்கு மேல் சட்டமும் உங்களிடம் கேட்கவில்லை, நியாயமும் கேட்கவில்லை. பையைத் திறக்காதீர்கள். தொடர்மாடியில் காவலாளியிடம் விட்டுப் போவதென்றால் அதையும் எழுதிவிடுங்கள், பிறகு அவர் தலையில் பழி விழக் கூடாது. அந்தப் பக்கமாகத்தான் நாளைக்குப் போகிறீர்கள் என்றால் கையோடு கொண்டுபோய்க் கொடுப்பது நல்ல காரியம். கடமை என்று நினைத்து வெயிலில் அலைய வேண்டியதில்லை. வயதானவர்கள் மாடிப்படியில் பையைச் சுமக்கவே வேண்டாம்.

கொண்டுவந்த பொடியனிடம் நேரே கொடுத்துவிடலாமே என்று தோன்றும். நல்ல எண்ணம்தான், ஆனால் கடைக்கும் ஒரு செய்தி போட்டுவிட்டுக் கொடுங்கள். அவருக்கும் அதுதான் பாதுகாப்பு.

ஒரு மோசடியைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் ஓடரே கொடுக்காத பொதி ஒன்று வாசலுக்கு வரும், கையில் காசு கொடுத்தால்தான் தருவேன் என்பார்கள். வீட்டில் யாரோ ஓடர் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக் காசைக் கொடுத்துவிடாதீர்கள். ஏற்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள். அதைப்போல, தெரியாத ஒருவர் அழைத்து, "தவறி உங்களுக்கு ஒரு பொதி வந்திருக்கு, எங்கட ஆள் வந்து எடுப்பார், உங்களுக்கு வரும் இரகசிய இலக்கத்தைச் சொல்லுங்கோ" என்றால் சொல்லக் கூடாது. திருடிய காட் இலக்கத்தில் பொருள் வாங்கி வேறு ஒருவரின் முகவரிக்கு அனுப்பி, அங்கிருந்து எடுத்துக்கொண்டு போவது உலகம் முழுக்க நடக்கும் வேலை. பொதியில் ஒட்டியிருக்கும் நிறுவனத்தின் இலக்கத்தை நீங்களே தேடி அழையுங்கள். அவர்கள் அனுப்பும் ஆளிடம் மட்டும் கொடுங்கள்.

கடைக்காரர்களிடமும் கேட்க வேண்டியவை இருக்கின்றன. ஒருவர் நேர்மையாகச் சொல்ல வந்தால், அரை மணி நேரம் இசையைக் கேட்கவைத்து, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எண்களை அழுத்தச் சொல்லி, கடைசியில் லைனை வெட்டிவிட்டால் அவர் அடுத்த தரம் சொல்ல மாட்டார். தமிழில் பேச ஓர் ஆள், வந்து எடுத்துப் போக ஒரு நேரம், செலவு கடையுடையது என்று தெளிவாக ஒரு வார்த்தை. இவ்வளவும் இருந்தால் இப்போது வராத பல பைகள் திரும்பி வரும் என்று நம்புகிறேன். வீட்டுக்குச் சாமான் அனுப்பி இலாபம் எடுக்கும் கடை, அந்த வேலையில் நேரும் எண்ணிக்கைப் பிழையின் நட்டத்தையும் தானே ஏற்க வேண்டும். கட்டியவரின் சம்பளத்தில் அதை இறக்கக் கூடாது.

அதனால்தான், "வைச்சுக்கொள்ளுங்கோ" என்று கடை வாயால் சொன்னால் அதோடு விடாமல் ஒரு செய்தியாக எழுதி அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சமாக இருக்கலாம், ஆனாலும் கேளுங்கள். "இந்த ஓடரில் ஒரு பை கூடுதலாகப் போனது, வாடிக்கையாளர் அறிவித்தார், அவருக்கே விடப்பட்டது" என்று எழுத்தில் இருந்தால், மாத முடிவில் இருப்பைச் சரிபார்க்கும்போது அந்தப் பை எங்கே போனதென்று கடைக்குத் தெரிந்திருக்கும். அதற்காக யாரையும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டி வராது.